பால் காத்திருக்காது

(பிரான்சின் ஜூரா பகுதியில் ஒயினும் சீஸும் சுவைக்க இரண்டு நாள் பயணம் போவது பற்றிப் புதுச்சேரியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த ஊரில் பிரான்சைப் பற்றிப் பேசுவது எளிது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு அங்கே ஒரு மகன் வீடோ மகள் வீடோ, சித்தப்பா வீடோ இருக்கிறது. கோடையில் போய் ஒரு மாதம் தங்குகிறோம். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, ஈஃபில் கோபுரத்தையும் பார்த்து முடித்தபின், “ஒயின் விளைகிற ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாமே” என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே போர்தோ, ஷாம்பெய்ன், பர்கண்டி என்று பெரிய பெயர்கள் வரிசையாக வரும். நான் இன்று சொல்ல வந்தது அவற்றுக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சின்னச் சீமையைப் பற்றி. சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா. அங்கே திராட்சைத் தோட்டம் ஏறத்தாழ 2,000 ஹெக்டேர்தான். 19-ஆம் நூற்றாண்டில் அதைப் போலப் பத்து மடங்கு இருந்தது. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து அழித்த பிறகு, பழைய பரப்புக்கு அந்தச் சீமை திரும்பவே இல்லை.

ஒயினையும் சீஸையும் சேர்த்துச் சுவைக்கத்தான் போகிறோம் என்றால், இரண்டும் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்து வீடாக வளர்ந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். பெரிய ஒயின் ஊர்கள் பலவற்றில் சீஸ் வேறெங்கிருந்தோ வண்டியில் வந்து தட்டில் அமர்கிறது. ஜூராவில் அப்படி இல்லை. ரெவெர்மோன் என்று ஒரு மலைச்சரிவு, வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். கடல் மட்டத்திலிருந்து 200 முதல் 400 மீட்டர் உயரம் வரை வெயில் படும் சரிவெல்லாம் திராட்சைக் கொடி. அதற்கு மேல் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுகிறது. பாறையின் தலைக்கு ஏறினால் மேட்டுநிலம், குளிர், புல்வெளி, மாடுகள். கீழே கொடி, மேலே மாடு, நடுவில் ஒரு பாறைச் சுவர். அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு ஜூரா மலையின் பெயரை வைத்தவர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். அந்தப் பெயரிலிருந்து பிறந்ததுதான் உலகமெங்கும் பிள்ளைகள் சொல்லும் ‘ஜுராசிக்’ என்ற சொல்.

நான் முதல் தடவை போனபோது செய்த தவறைச் சொல்லிவிட்டுத்தான் திட்டத்துக்கு வர வேண்டும். என் அக்கா மகள் டிஜோனில் இருக்கிறாள். அவளோடு ஒரு சனி, ஞாயிறு போகலாம் என்று ஏற்பாடு. கல்லூரியில் உணவு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆகவே முறையாகப் பட்டியல் போட்டேன். சனிக்கிழமைக்கு மட்டும் ஒயின் வீடுகள் ஏழு. சீஸுக்கு ஒரே வரி: ‘நேரம் கிடைத்தால்’. இரண்டு ஒயின் வீடுகளை முடித்துக்கொண்டு, ஒரு கிராமத்துச் சீஸ் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை. செப்பு அண்டாக்கள் காலியாக இருந்தன. ரப்பர் காலணி போட்ட ஓர் ஆள் வெந்நீர் அடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். “எல்லாம் முடிந்துவிட்டது அம்மா, விடியற்காலையில் வந்திருக்க வேண்டும்” என்றார், மிகவும் அன்பாகத்தான். சாயங்காலம் ஏழாவது ஒயின் வீட்டில் என் நாக்கு மரத்துவிட்டது. அன்றைய குறிப்பேட்டில் கடைசி மூன்று பக்கங்களில் ‘நன்று’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. இரவு விடுதியில் அக்கா மகள் சொன்னாள்: “சித்தி, ஒயின் ஆறு வருஷம் பீப்பாயில் இருக்கிறது. அது நாளைக்கும் அங்கேதான் இருக்கும். பால் இருக்காதே.”

அவள் அன்று சொன்னதை அடிப்படையாக வைத்துத்தான் இப்போது நான் யாருக்கும் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். ஒயினை வைத்து நாளைப் பிரிக்காதீர்கள். மாட்டை வைத்துப் பிரியுங்கள். கறவை நேரம்தான் அந்த ஊரின் கடிகாரம். ஒயின் எப்போது போனாலும் காத்திருக்கும்.

எனவே சனிக்கிழமை விடியற்காலையில் தொடங்குவோம். வெள்ளி இரவே அர்புவா என்ற சிற்றூருக்கோ, அங்கிருந்து பத்துக் கிலோமீட்டரில் உள்ள பொலினிக்கோ போய்த் தங்கிவிட வேண்டும். இரண்டு ஊருக்கும் ரயில் நிலையம் உண்டு. மறுநாள் காலை காப்பியை அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொண்டு சீஸ் கூடத்துக்குப் போய்விடுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு வைத்திருக்க வேண்டும். பார்வையாளருக்குக் கண்ணாடி வைத்த மாடம் உள்ள கூடங்களும் உண்டு. இந்தக் கூடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ருத்தியேர். சுற்றுவட்டாரத்து மாட்டுக்காரர்கள் சேர்ந்து பால் ஊற்றும் கூட்டுறவு. நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தெருமுனையில் பால் சங்கத்தின் முன் கேனோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே இந்த ஏற்பாட்டுக்கு 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்துச் சான்று இருக்கிறது.

ஏன் சேர்ந்தார்கள்? அங்கே செய்யும் கோம்தே சீஸ் வட்டு ஒன்று சுமார் 40 கிலோ. அதற்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். பழைய காலத்தில் நாலைந்து மாடு வைத்திருந்த ஒரு குடும்பத்தால் ஒரு நாளில் அவ்வளவு பால் கொடுக்க முடியாது. சின்னச் சீஸாகச் செய்தாலோ சீக்கிரம் காய்ந்துவிடும். பனி மூடி, வழியடைந்து கிடக்கும் மாதங்களைத் தாண்ட வேண்டுமானால் சீஸ் பெரியதாக இருக்க வேண்டும். பெரியதாக இருக்க ஊரே பால் ஊற்ற வேண்டும். அந்த வட்டின் அளவைத் தீர்மானித்தது பனிக்காலம்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். முந்தின நாள் மாலைக் கறவையும் அன்று காலைக் கறவையும் அண்டாவில் சேர்கின்றன. காய்ச்சாத பச்சைப் பால். மோன்பெலியார்டு என்ற செம்பட்டையும் வெள்ளையுமான இனம், பிரெஞ்சு சிம்மெந்தால் இனம், இந்த இரண்டின் பால்தான் செல்லும். ஊறவைத்துப் புளித்த பசுந்தீவனம் கொடுத்த மாட்டின் பால் கூடாது. ஒரு மாட்டுக்குக் குறைந்தது ஒரு ஹெக்டேர் புல்வெளி. பால் வருகிற வட்டாரத்தின் குறுக்களவு 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. பாலை 32 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உறை சேர்க்கிறார்கள். நாம் தயிருக்கு உறைமோர் விடுவது போலத்தான், கிருமி இனம் மட்டும் வேறு. பிறகு ரென்னட். அரைமணி நேரத்தில் அண்டா முழுக்கப் பால் திரைந்து, நடுங்கும் கட்டியாகிவிடும். அதைக் கம்பிகளால் கோதுமை மணி அளவுக்கு நறுக்குகிறார்கள். 53 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கிளறுகிறார்கள். சீஸ்காரர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, விரித்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டு நின்று, தேய்த்ததும் மணி மணியாக உதிர வேண்டும். கேசரிக்கு ரவை பதம் பார்க்கும் கையைப் பார்த்த மாதிரியே எனக்கு இருந்தது. அதன் பிறகு எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அண்டா காலியாகும், அச்சுகள் நிரம்பும், வெந்நீர்க் குழாய் வரும். காலையில் போக வேண்டும் என்று நான் சொல்வது அந்த ஒரு பிடிக்காகத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. கோம்தேயில் சேர்க்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. வேறு ரென்னட்டுக்கு விதி இடம் தராது. முழுச் சைவமாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். பால்தானே என்று யாராவது தட்டை நீட்டினால் வாங்கிவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது.

கூடத்திலிருந்து வட்டுகள் நிலவறைக்குப் போகின்றன. ஸ்புரூஸ் மரப் பலகைகளில் அடுக்கி, உப்பு நீரால் தேய்த்து, திருப்பித் திருப்பி வைத்துப் பதப்படுத்துகிறார்கள். விதி கேட்பது 120 நாள். நல்ல நிலவறைக்காரர் 12 மாதம், 18 மாதம், அதற்கு மேலும் வைப்பார். சேன்ட்-ஆந்துவான் என்ற பழைய இராணுவக் கோட்டை ஒன்று அர்புவாவிலிருந்து இன்னும் கிழக்கே, 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1870-இல் பிரஷியாவோடு நடந்த போருக்குப் பின் கட்டியது. 1966-இல் மார்செல் பெத்தித் என்பவர் பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் கோம்தேயை அடுக்கினார். மண் மூடிய கல் மண்டபங்களில் மெல்லிய குளிரில் மெதுவாகப் பழுக்கும் சீஸுக்கு வேகமாகப் பழுத்ததில் இல்லாத ஆழம் வரும் என்று நம்பினார். இன்று அங்கே ஒரு லட்சம் வட்டுகள் அளவுக்கு இருக்கின்றன. இரண்டு நாள் பயணத்தில் அதைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன், தூரம் அதிகம். மூன்றாவது நாள் கையில் இருந்தால் முதலில் அங்கே போங்கள். நிலவறைக்காரர் வட்டைச் சின்னச் சுத்தியால் தட்டிக் காதால் கேட்பார். தேங்காயைத் தட்டி வாங்குகிறவர்களுக்கு அந்தக் கவனம் உடனே புரியும். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மாறிவிடும்.

வெளியே விடும் முன் ஒவ்வொரு வட்டுக்கும் 20-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 14-க்கு மேல் வாங்கினால் பச்சை நாடா. 12 முதல் 14 வரை பழுப்பு நாடா. அதற்கும் கீழே போனால் கோம்தே என்ற பெயரே கிடையாது. பழுப்பு நாடாவை ஒதுக்க வேண்டாம். தோற்றத்தில் சின்னக் குறை இருந்தாலும் மதிப்பெண் குறைந்துவிடும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது கோடைப் பாலா, குளிர்காலப் பாலா? கோடையில் மாடு பச்சைப் புல் மேய்கிறது. புல்லிலுள்ள கரோட்டின் பாலில் இறங்கி, சீஸ் மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் வைக்கோல் போன்ற உலர்புல். சீஸ் தந்த நிறம். ஒரே கூடத்தின் இரண்டு பருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நூறு கிராம் வீதம் வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். நான் எத்தனையோ ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதிய பாடம் அந்த இரண்டு துண்டில் இருந்தது. பழைய கோம்தேயைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று வெள்ளைப் பொடிக்கல் ஒன்று சிக்கும். அதை உப்பு என்று நினைப்பவர்கள் பலர். அது உப்பு அல்ல. புரதம் உடைந்து பிரிந்த தைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகி நிற்கிறது. சீஸின் வயதை நாக்கு தொட்டுப் பார்க்கும் இடம் அது.

பொலினியில் கோம்தே அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1889-இல் தொடங்கிய பால்தொழில் பள்ளியும் அந்த ஊரில்தான். மழை பெய்தால் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெயில் அடித்தால் வேண்டாம், தோட்டத்துக்கு நடங்கள்.

மதிய உணவுக்குப் பிறகுதான் ஒயின். ஒரு மதியத்துக்கு இரண்டு வீடு. மூன்றாவதை நான் பிடிவாதமாக மறுப்பேன். கிராமத்து ஒயின்காரர் பெரும்பாலும் குடும்பத்தோடு தோட்ட வேலை செய்பவர். முன்கூட்டிச் சொல்லாமல் கதவைத் தட்டினால் அவர் டிராக்டரிலிருந்து இறங்கி வர வேண்டியிருக்கும். செப்டம்பரில் அறுவடை நேரத்தில் போனால் அவர்களுக்குத் தலைதூக்க நேரமிராது. மாடு புல்வெளியில் இருக்கும் ஜூன் மாதம் நல்லது. அக்டோபரும் நல்லது. செப்டம்பர் முதல் ஞாயிறு அர்புவாவில் இருக்க வாய்த்தால் மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம். அன்று புது அறுவடையின் முதல் குலைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மாபெரும் திராட்சைக் குலையை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு செயின்ட் ஜூஸ்ட் தேவாலயத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். பியூ என்று பெயர். புதிர் எடுத்துச் சாமிக்குப் படைக்கும் ஊர்க்காரர்களுக்கு அதன் பொருளை நான் சொல்ல வேண்டாம்.

போகும்போது வாசனைத் தைலம் வேண்டாம். நம் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: தலையில் பூ வேண்டாம். ஒரு முழம் மல்லிகை போதும், நிலவறையில் உங்களோடு நிற்கும் ஆறு பேருக்கும் ஒயினின் மணம் கிடைக்காமல் போய்விடும். சுவைத்ததைத் துப்புவதற்கு மேசை மேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அவமரியாதை என்று நினைத்து நம்மவர்கள் கூச்சத்தோடு விழுங்கிவிடுகிறார்கள். ஒயின்காரரே துப்புவார். விழுங்காமல் இருப்பதுதான் அங்கே தொழில் முறை. மது உடம்புக்கு நல்லதல்ல என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மணத்தையும் சுவையையும் அறிய அதை வயிற்றுக்குள் அனுப்பவும் தேவையில்லை. வண்டி ஓட்டுகிறவருக்கோ பேச்சே இல்லை. பிரான்சில் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம்தான் வரம்பு. புதிதாக உரிமம் வாங்கியவருக்கு அதிலும் குறைவு. ரயிலில் போய் நடக்கும்படி திட்டமிட்டால் இந்தக் கவலை இராது. அர்புவாவிலிருந்து புப்பிலான் கிராமம் கொடிகளின் நடுவே நடந்தே போகும் தூரம்.

ஜூராவில் ஒரு வழக்கம் உங்களைத் திகைக்க வைக்கும். மற்ற இடங்களில் வெள்ளை ஒயினை முதலில் ஊற்றிச் சிவப்பைப் பிறகு ஊற்றுவார்கள். இங்கே சிவப்புதான் முதலில். காரணம் எளிது. பூல்சார் என்ற அவர்கள் சிவப்புத் திராட்சையின் தோல் மிக மெல்லியது. ஒயின் ரோஜா நிறத்தில் நீர்த்த சாயம் போல வரும். த்ரூசோ கொஞ்சம் கனம். வெள்ளைதான் இங்கே வலியது. அதிலும் கடைசியாக, மற்றதெல்லாம் முடிந்தபின், சின்னக் கிண்ணத்தில் ஒரு மடக்கு அளவே வருகிறது மஞ்சள் ஒயின். வான் ஜோன். அதற்காகத்தான் இவ்வளவு தூரம்.

சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து வருகிறது. நொதித்து முடிந்த ஒயினைப் பழைய ஓக் பீப்பாயில் ஊற்றி மூடி வைத்துவிடுகிறார்கள். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் ஒயின்காரர் பீப்பாயில் ஆவியான அளவுக்கு மீண்டும் நிரப்பிக்கொண்டே இருப்பார். காற்றுப் பட்டால் ஒயின் வினிகராகும் என்ற பயம். இங்கே நிரப்பமாட்டார்கள். மட்டம் இறங்க இறங்க, ஒயினின் மேல் ஈஸ்ட் கிருமிகள் ஒரு மெல்லிய படலம் கட்டுகின்றன. பால் ஆறும்போது மேலே ஏடு படிவது போல. அந்த ஏடு ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது. தானும் மெல்ல மெல்ல ஒயினை மாற்றுகிறது. எந்தப் பீப்பாய் தேறும், எது கெடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஏடு ஒழுங்காக நிற்காத பீப்பாயை எடுத்து வேறு ஒயினோடு கலந்துவிடுகிறார்கள். அறுவடையிலிருந்து ஆறு ஆண்டு மூன்று மாதம் ஆகாமல் மஞ்சள் ஒயின் கடைக்கு வராது. ஒரு லிட்டர் ஊற்றினால் அத்தனை ஆண்டில் மிஞ்சுவது சுமார் 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு. அதனால் அதற்கென்றே 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டையான, தோள் அகன்ற ஒரு புட்டி. கிளாவ்லான் என்பார்கள். காற்றுக்குப் போன பங்கைப் புட்டியே ஒப்புக்கொள்கிறது.

அந்தக் கிண்ணத்தை நான் முதல் முறை மூக்கருகே கொண்டுபோனதைச் சொல்ல வேண்டும். இது அந்த ஏழு வீட்டுப் பயணம் அல்ல, அடுத்த முறை. பச்சை அக்ரூட் வாசனை வரும் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். அதுவும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வெந்தயம். சாம்பாருக்கு எண்ணெயில் போட்டுச் சிவக்கும் நொடியில், அடுத்த நொடி கருகிவிடுமோ என்று அம்மா கரண்டியைத் தூக்கும் நேரத்தில் வீட்டில் எழும் அதே வாசனை. பிரமை என்று முதலில் நினைத்தேன். அக்கா மகளிடம் நீட்டினேன். அவள் பிறந்து வளர்ந்தது பிரான்சில். ஆனால் என் அக்கா சமையலில் வளர்ந்தவள். “வெந்தயம்” என்றாள் அவளும்.

வேதியியல் படித்தவளாக நான் அதை அப்படியே விட முடியவில்லை. தேடிப் படித்தேன். மஞ்சள் ஒயினின் மணத்துக்குப் பெரும்பங்கு காரணமான பொருளின் பெயர் சோட்டலான். ஏட்டிலுள்ள ஈஸ்ட் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. அதிலிருந்து ஆண்டுக்கணக்கில், மெதுவாக, சோட்டலான் சேர்கிறது. வெந்தய விதைக்கு அதன் வாசனையைக் கொடுப்பதும் இதே சோட்டலான்தான். மிகக் குறைந்த அளவில் காய்ச்சிய வெல்லப்பாகு போல மணக்கும். அளவு கூடினால் வெந்தயமும் மசாலாவும். பிரெஞ்சு எழுத்தாளர்கள் மஞ்சள் ஒயினைப் பற்றிச் சொல்லும்போது ‘கறி மசாலா வாசனை’ என்று எழுதுவதன் காரணமும் இதுதான். நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒயின் அந்நியமாக இருக்க நியாயமில்லை. மற்ற ஒயின்களில் ‘கருப்புத் திராட்சைவத்தல், தோல், புகையிலை’ என்று அவர்கள் அடுக்கும் வாசனைகளைக் கேட்டு நாம் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றில் நம் மூக்கு அவர்களுக்கு முன்னால் போகிறது.

இப்போது காலையில் வாங்கிய கோம்தேயை எடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டது, பதினெட்டு மாதம் இருந்தால் சிறப்பு. குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்திருக்க வேண்டும். குளிர்ந்த கொழுப்பு மணத்தை விடாது. மஞ்சள் ஒயினையும் சில்லென்று குடிக்கக் கூடாது. 15 டிகிரி அளவில், சில மணி நேரம் முன்பே திறந்து வைத்தது. முதலில் ஒயின் ஒரு மடக்கு, தனியாக. பிறகு சீஸ். மென்று விழுங்கிவிடாமல், நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையில் உருக விடுங்கள். அது முழுதும் கரைவதற்குள் இரண்டாவது மடக்கு. கோம்தேயிலும் அக்ரூட் வாசனை உண்டு, வறுத்த வெங்காயத்தின் இனிப்பு உண்டு. சீஸின் கொழுப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கிறது. ஒயினின் புளிப்பு கொழுப்பை வழித்து வாயைத் துப்புரவாக்குகிறது. கனமான துவர்ப்புள்ள சிவப்பு ஒயினோடு இதே சீஸைச் சேர்த்தால் துவர்ப்பும் உப்பும் மோதி, உலோகச் சுவை தட்டும். சீஸ் என்றாலே சிவப்பு ஒயின் என்று பலர் வைத்திருக்கும் எண்ணத்தை இந்தச் சீமை மாற்றிவிடும்.

மற்ற சீஸ்களைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. மோர்பியேயின் நடுவே ஒரு கரிய கோடு ஓடும். மாலைப் பாலின் திரட்சி காயாமல் இருக்கச் சாம்பல் தூவி, காலைப் பாலின் திரட்சியை மேலே போட்ட காலத்தின் அடையாளம் அது. த்ரூசோவோடு அழகாகச் சேரும். மோன் தோர் குளிர்காலத்துச் சீஸ், ஸ்புரூஸ் மரப்பட்டை கட்டி மரப்பெட்டியில் வரும். ஜூனில் போகிறவர்கள் கேட்டு ஏமாற வேண்டாம். நீலப் பூஞ்சணம் ஓடும் ப்ளூ த ஜெக்ஸுக்கு இனிப்பான வைக்கோல் ஒயின்: அறுத்த திராட்சையை ஆறு வாரத்துக்குக் குறையாமல் உலர்த்திப் பிழிவது.

சனிக்கிழமை மாலை அர்புவாவில் குயிசான்ஸ் ஆற்றங்கரையோரம் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். லூயி பாஸ்தர் வாழ்ந்த வீடு. 1822-இல் தோல் என்ற ஊரில் பிறந்தவர், வளர்ந்தது அர்புவாவில். பாரிசில் புகழ் பெற்ற பிறகும் கோடை தோறும் இங்கேதான் வந்தார். பிரெஞ்சு ஒயின் கெட்டுப்போவது ஏன் என்று ஆராய பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது, 1864-இல் சொந்த ஊரிலேயே சோதனைச்சாலை அமைத்துக்கொண்டார். ஒயின் நோய்க்கு உயிருள்ள கிருமி காரணம், மிதமாகச் சூடாக்கினால் அவை அழியும் என்று கண்டார். 1866-இல் ஒயின் பற்றிய அவர் நூல் வந்தது. இன்று நம் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டில் உள்ள ‘பாஸ்சரைஸ்டு’ என்ற சொல் அவர் பெயரிலிருந்து பிறந்தது. அர்புவாவுக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டமும் வாங்கினார். 1878-இல் கொடிகளின் மேல் கண்ணாடிக் கூடு கட்டி, வெளிக்கிருமி படாத திராட்சை தானாக நொதிக்காது என்று காட்டினார். அந்த வீட்டில் நின்றபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. பாலையும் ஒயினையும் கிருமியிடமிருந்து காக்கச் சொல்லிக்கொடுத்தவரின் ஊரில், காய்ச்சாத பாலில் சீஸும், கிருமியின் ஏட்டுக்கடியில் ஒயினும் செய்கிறார்கள். இதில் முரண் இல்லை. எந்தக் கிருமி என்ன செய்யும் என்று அவர் பிரித்துக் காட்டியதால்தான் எதை விரட்டலாம், எதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷாத்தோ-ஷலோன். பாறை உச்சியில் ஒரு கிராமம், கீழே சரிவில் சவாஞான் கொடிகள். இங்கே மஞ்சள் ஒயின் மட்டுமே ஊர்ப் பெயரில் வெளிவரும். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்க்கிறது. தரம் போதாது என்றால் அந்த ஆண்டுக்கு ஊர்ப் பெயரையே போடுவதில்லை. 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஷாத்தோ-ஷலோன் என்று ஒரு புட்டிகூட இல்லை. ஆறு ஆண்டு கழித்து வரவேண்டிய வருமானத்தை ஓர் ஊரே சேர்ந்து வேண்டாம் என்று சொன்ன ஆண்டுகள் அவை. மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று அந்த நான்கு எண்களைக் கேட்டால் தெரியும். 1774-ஆம் ஆண்டு அறுவடையின் மஞ்சள் ஒயின் புட்டி ஒன்று 2018-இல் லோன்-ல-சோனியே நகரில் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பறித்த திராட்சை அது.

ஞாயிறு ஒரே ஒரு ஒயின் வீடு போதும். மதியம் மஞ்சள் ஒயினும் மோரல் காளானும் சேர்த்துச் சமைத்த கோழி கிடைக்கும் இடமாகப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு பக்கத்திலுள்ள போம்-லே-மெசியேக்குப் போய், மூன்று புறமும் பாறை வளைத்த பள்ளத்தாக்கில் பழைய மடாலயத்தையும் அருவியையும் பார்க்கலாம். அங்கே நின்று மேலே பார்த்தால் பாறை உச்சியின் பச்சை விளிம்பு தெரியும். மாடுகள் அந்த விளிம்புக்கு அப்பால். கழுத்து மணி ஓசை காற்று திரும்பும்போது கீழே வரை வரும்.

ஊருக்கு எடுத்து வருவது பற்றிக் கேட்பீர்கள். இந்தியாவுக்குள் ஒருவர் வரி இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டு வரலாம். கிளாவ்லான் மூன்று புட்டி என்றால் 1.86 லிட்டர், கணக்கு சரியாக வருகிறது. ஆனால் ஒன்று போதும். மஞ்சள் ஒயின் திறந்த பிறகும் சில வாரம் கெடாமல் நிற்கும். நான் கொண்டு வந்த புட்டியை ஒரு சனிக்கிழமை காலை திறந்தேன். அன்று அம்மா அடுக்களையில் வத்தக்குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மூக்கருகே நீட்டினேன். எண்பத்தாறு வயதில் ஒருநாளும் மதுவைத் தொட்டவர் அல்ல. முகர்ந்து பார்த்தவர், அடுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “வெந்தயம் கொஞ்சம் சிவந்துவிட்டது போலிருக்கிறதே” என்றார்.